தக்வா வசனங்களின் அழகை எங்கே தவறவிடுகிறோம்?

குர்ஆனில் அடிக்கடி வரும் சொல் தக்வா. அதைக் கேட்டதும் ‘இறையச்சம்’ என்று பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். முதல் தவறு அதுதான். அச்சத்துக்கு அரபியில் கவ்ஃப், கஷ்யா என்று தனிச் சொற்கள் உண்டு. தக்வாவின் வேர்ச்சொல்லுக்குக் காத்தல் என்று பொருள். இது மனதில் இருந்தால், 7:26-இல் (ஏழாம் அத்தியாயம், 26-ஆம் வசனம்) வரும் ‘லிபாசுத் தக்வா’ (தக்வா எனும் ஆடை) எவ்வளவு பொருத்தமான உருவகம் என்று தெரியும். ஆடையும் காப்பதுதானே.

அடுத்தது, உவமையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது. “வழிக்கு உணவு எடுத்துக்கொள்ளுங்கள், அப்படி எடுத்துச் செல்வதில் சிறந்தது தக்வா” என்கிறது 2:197. ‘ஸாத்’ என்றால் நம் கட்டுச்சோறு. யமன்வாசிகள் சிலர் ‘அல்லாஹ்வை நம்பி வந்தோம்’ என்று வெறுங்கையோடு ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவில் பிறரிடம் கேட்டு நின்றார்கள்; அதையொட்டி இறங்கிய வசனம் இது என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஆகவே சோறு வேண்டாம், தக்வா போதும் என்று இதற்கு விளக்கம் சொல்லக் கூடாது. ‘தஸவ்வதூ’ (வழிக்கு உணவு எடுத்துக்கொள்ளுங்கள்), ‘ஸாத்’ இரண்டும் ஒரே வேர். மூட்டையைக் கட்டச் சொன்ன கையோடு, கேட்பவரின் நினைப்பு அந்த மூட்டையில் இருக்கும்போதே, அதைவிட நெடிய பயணத்துக்கான மூட்டையைக் காட்டிவிடுகிறது வசனம். எத்தனை முறை ஓதினாலும் எனக்கு இந்த இடத்தில் மனம் நின்றுவிடும்.

அப்புறம், இடம் தெரியாமல் மேற்கோள் காட்டுவது. “அல்லாஹ்விடம் தக்வாவோடு நடப்பவருக்கு அவன் ஒரு வழியை உண்டாக்குவான், அவர் எண்ணியிராத புறத்திலிருந்து உணவளிப்பான்” (65:2-3) என்பதைப் பல கடைச் சுவர்களில் பார்க்கலாம். அது இருப்பது தலாக் (மணவிலக்கு) அத்தியாயத்தில். இத்தா (மணவிலக்குக்குப் பின் பெண் காத்திருக்கும் காலம்), இரண்டு சாட்சிகள் என்ற சட்டங்களுக்கு நடுவே. ‘மக்ரஜ்’ என்றால் வெளியேறும் வழி. ஒரு குடும்பம் பிரியும் நேரத்தில், எல்லாப் பக்கமும் அடைபட்டதாகத் தோன்றும்போது அந்தச் சொல் வருகிறது. அங்கே வைத்துப் படித்தால்தான் அதன் கனம் தெரியும்.

59:18-இல் ‘இத்தகுல்லாஹ்’ (அல்லாஹ்விடம் தக்வாவோடு இருங்கள்) இரண்டு முறை வருவதை வெறும் அழுத்தம் என்று விட்டுவிடுவதும் சரியில்லை. பன்மையில் எல்லோரையும் அழைத்த வசனம், நடுவில் சட்டென்று ஒருமைக்கு இறங்குகிறது: ஓர் ஆன்மா, தான் நாளைக்காக எதை முன்னனுப்பியது என்று பார்த்துக்கொள்ளட்டும். மறுமைக்கு இங்கே பெயர் வெறும் ‘நாளை’. பிறகு மறுபடி அதே கட்டளை. பார்ப்பதற்கு முன் கேட்ட சொல், பார்த்த பிறகு அதே மாதிரி காதில் விழுவதில்லை.