குடலும் மாக்குலாவும்: அறுபதைத் தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே செய்ய வேண்டியவை

வயதானபின் பார்வை மங்குவதெல்லாம் கண்புரை அல்ல. புரையை அறுவையில் எடுத்துவிடலாம். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா தேய்ந்தால், போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. முகம், எழுத்து, பஸ் நம்பர் என நேரே பார்ப்பதெல்லாம் கலங்கும். ஓரப்பார்வை மட்டும் மிஞ்சும்.

இதில் குடலுக்கு என்ன வேலை? 2016இல் வெளிவந்த எலி ஆய்வில், கொழுப்பு மிகுந்த தீனியால் குடல் நுண்ணுயிர்கள் மாறின, குடல் சுவர் கசிந்தது, அழற்சி உடம்பெங்கும் பரவியது, கண்ணுக்குள் வேண்டாத ரத்தக்குழாய்கள் கூடுதலாக முளைத்தன. 2017இல் வந்த இன்னொன்றில், சட்டென்று சர்க்கரை ஏற்றும் மாவுச்சத்தைத் தின்ற எலிகளின் விழித்திரை சேதமானது; மெதுவாகச் செரிக்கும் தீனிக்கு மாற்றியதும் சேதம் நின்றது. மனிதரிடம் இது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆகவே கண்ணுக்கென்று விற்கும் ப்ரோபயாட்டிக் (குடலுக்கு நல்ல நுண்ணுயிர்கள்) டப்பாவை வாங்க வேண்டாம். சமையல்கட்டில் இருப்பதே போதும்.

1. முதலில் கட்டம். வெள்ளைத்தாளில் 10 செ.மீ. சதுரம் போட்டு, 5 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கோடு இழுங்கள். நடுவில் கறுப்புப் புள்ளி. இதுதான் ஆம்ஸ்லர் கட்டம். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை அழுத்தாமல் உள்ளங்கையால் மூடி, புள்ளியை மட்டும் பாருங்கள். பிறகு மறுகண். வாரம் ஒருமுறை போதும். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். புதிதாகக் கோடு நெளிந்தாலோ கட்டம் அழிந்தாற்போல் தெரிந்தாலோ ஓரிரு நாளுக்குள் விழித்திரை மருத்துவரிடம் போங்கள். மாக்குலா தேய்வில் ரத்தக்குழாய் கசியும் வகைக்குக் கண்ணில் போடும் ஊசி உண்டு. தாமதித்தால் பலன் குறையும்.

2. கீரை, எண்ணெயோடு. மாக்குலாவின் மஞ்சள் நிறமே லூட்டின், ஸியாக்ஸாந்தின் என்ற நிறமிகளால்தான். உடம்பு இவற்றைத் தானே தயாரிக்காது. 100 கிராம் பச்சைப் பாலக்கில் இரண்டும் சேர்ந்து சுமார் 12 மி.கி. உண்டு. கொழுப்பில் கரைபவை என்பதால், வெறும் தண்ணீரில் வேகவைத்த கீரையில் பாதி வேலை வீண். ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் தாளித்து மசியுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டக்கூடாது. வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும்.

3. நார்ச்சத்து, மெல்ல மெல்ல. இலக்கு நாளுக்கு 25 கிராம். மதியச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ பயறோ வையுங்கள். ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும், வீட்டில் எல்லோருக்கும் வெறுத்துப்போகும். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரும் கூடட்டும்.

4. புளித்தது. மோரைக் குடிக்கலாம், மோர்க்குழம்பாகக் கொதித்தால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். பழைய சோற்றுக்கும் இதே கதைதான், சூடாக்காதீர்கள். உப்பு தூக்கலான ஊறுகாய் இந்தக் கணக்கில் சேராது.

5. மாத்திரை. லூட்டின் 10 மி.கி., ஸியாக்ஸாந்தின் 2 மி.கி., துத்தநாகம் முதலியவை சேர்ந்த கலவை, மாக்குலா தேய்வு நடுக்கட்டத்தில் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் மட்டும் முற்றியவர்களுக்கும்தான். நோயே இல்லாதவருக்கு அது தடுப்பு மருந்து ஆகாது. புகைப்பவர்களும் புகையை விட்டவர்களும் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: பீட்டா கரோட்டின் என்று போட்டிருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். அது நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும்.