கொதிநீர் 100 டிகிரி காட்டாத ஊரில் செய்முறைக் குறிப்பு எழுதுதல்

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராகச் சேர்ந்த புதிதில், டிரையரின் வெப்பமானியைச் சரிபார்ப்பதற்காக நான் எழுதிக்கொடுத்த அரைப்பக்கக் குறிப்பினால் இரண்டு வாரம் தூள் ஈரத்தோடு இறங்கியது. அந்தக் குறிப்பைத் திருத்தி எழுதிய முறையையே இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

முதல் படி: படிக்கப்போகிறவர் யார், எந்த நிலையில் படிப்பார் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதியது: "இரவு ஷிப்டில் டிரையர் பார்ப்பவர், கையுறையோடு, மங்கிய வெளிச்சத்தில்." அதன்பின் முன்னுரைப் பத்தியை நானே அடித்துவிட்டேன்.

இரண்டாம் படி: அங்கே வழங்கும் பெயரையே எழுதுங்கள். எல்லாரும் டிரையர் என்னும்போது நீங்கள் ஓரிடத்தில் உலர்த்தி என்றும் வேறோரிடத்தில் உலர்கலன் என்றும் எழுதினால், படிப்பவர் இரண்டு இயந்திரங்களைத் தேடுவார்.

மூன்றாம் படி: ஒவ்வோர் எண்ணும் எந்த இடத்தில், எந்த நிலையில் பொருந்தும் என்று கேளுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். "வெப்பமானியைக் கொதிநீரில் வைக்கவும், 100 டிகிரி காட்டாவிட்டால் திருகித் திருத்தவும்" என்று சமவெளியில் படித்ததை அப்படியே எழுதியிருந்தேன். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். டிரையர் பார்த்த அண்ணன் குறிப்பில் இருந்தபடியே, சரியாக இருந்த வெப்பமானியைத் திருகி 100க்குக் கொண்டுவந்தார். அன்றுமுதல் அது உண்மையான வெப்பத்தைவிட 6 டிகிரி கூடுதலாகக் காட்டியது. டிரையர் அந்த அளவுக்குக் குறைந்த சூட்டில் ஓடியது. 3 சதவீத அளவில் நிற்கவேண்டிய தூளின் ஈரம் ஏறியது. பிழை அவருடையதன்று. திருத்திய வாக்கியம் இது: "நம் தொழிற்சாலையில் கொதிநீரில் 94 டிகிரி காட்டினால் வெப்பமானி சரி. 2 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் தொடாதீர்கள், என்னை அழையுங்கள்."

நான்காம் படி: குறிப்பை ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் அருகில் நில்லுங்கள். அவர் தயங்கும் இடமெல்லாம் நீங்கள் திருத்தவேண்டிய இடம்.

கருவிகளைப் பொறுத்தவரை, அலுவலக வார்ப்புருக்களை நான் வெறுக்கிறேன். தலைப்பும் கையொப்பக் கட்டமுமே பாதிப் பக்கத்தைத் தின்றுவிடுகின்றன. பென்சிலால் எழுதி, சோதித்து, பிறகு தட்டச்சு செய்து லேமினேட் செய்வதே என் வழக்கம். மழைக்காலத்தில் வெறும் தாள் ஒரு வாரம்கூடத் தாங்காது.

பிற்சேர்க்கை: கொடைக்கானலிலிருந்து ஒருவர் 94 என்ற எண்ணையே தம் குறிப்பிலும் எழுதிவிட்டதாகத் தெரிவித்தார். அவ்வூர் இன்னும் உயரம். அங்கே 93 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். சுமாராக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கணக்கே வேண்டாம் என்பவர்கள், பொடித்த பனிக்கட்டியும் சிறிது தண்ணீரும் கலந்து, வெப்பமானியின் நுனி பாத்திரத்தின் அடியில் படாதவாறு பிடித்துப் பார்க்கலாம். பூஜ்ஜியம் காட்ட வேண்டும், அந்த எண் மலை ஏறினாலும் மாறுவதில்லை. ஆனால் டிரையர் ஓடும் சூட்டுக்கு அருகில் இருப்பது கொதிநீர்தான் என்பதால், குறிப்பில் இரண்டு சோதனைகளையும் எழுதிவிடுங்கள்.