பிரிட்டன் பயணக் கட்டுரை எழுத அமெரிக்கர்களிடம் கற்றுக்கொள்வது எப்படி

பிரிட்டனுக்குப் போய்வந்து ஏதாவது எழுத நினைக்கிறவர்கள், அமெரிக்கர்கள் அந்த நாட்டைப் பற்றி எழுதியதை முதலில் படிக்க வேண்டும் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்வேன். அமெரிக்கருக்கு அங்கே மொழி ஒரு தடையே இல்லை. பெயர்ப்பலகை புரிகிறது, மெனு புரிகிறது, பேருந்தில் முன் இருக்கையில் இருப்பவர்கள் பேசிக்கொள்வது புரிகிறது. இவ்வளவும் புரிந்தும் ஏதோ ஒன்று பிடிபடவில்லை என்றால் அது பழக்கவழக்கத்தில்தான் இருக்க வேண்டும், அதனால் அவருடைய கண் நேராக அங்கே போகிறது: யார் முதலில் போகிறார்கள், யார் யாருக்கு வாங்கித் தருகிறார்கள், எங்கே வாய் திறக்க மாட்டார்கள். இருநூறு வருஷமாக இதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நன்றாக எழுதியவர்களிடமும் கற்கலாம், சறுக்கியவர்களிடமும் கற்கலாம்.

முதல் வேலை, “பிரிட்டிஷார் இப்படிப்பட்டவர்கள்” என்று தொடங்கும் வாக்கியங்களை அடித்துவிடுவது. அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் எவ்வளவு பெரிய ஆள்! 1833-இல் ஒருமுறை போனார், 1847-இல் சொற்பொழிவுக்காக மறுபடி போனார், 1856-இல் இங்கிலாந்தைப் பற்றிப் புத்தகம் போட்டார். அதில் இனம், திறமை, நடத்தை, உண்மை, குணம் என்று தலைப்புக்கு ஓர் அத்தியாயம். ஒரு நாட்டையே தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கும் வேலை அது. இன்றைக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கவே பொறுமை வேண்டும். ஆனால் அதே புத்தகத்தில் அவரும் அவருடைய நண்பரான ஸ்காட்டிஷ் எழுத்தாளர் கார்லைலும் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்துக்குப் போன அத்தியாயம் அப்படியே நிற்கிறது. வெட்டவெளி, காற்று அடிக்கிறது, கற்களுக்கு நடுவே ஒதுக்குப்புறமாக ஓர் இடம் பார்த்து கார்லைல் சுருட்டைப் பற்றவைக்கிறார். அந்த இடத்தில் எமர்சன் யாரையும் எடைபோடவில்லை, கூட நின்று பார்க்கிறார். உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டியது அந்தச் சுருட்டு மாதிரியான விஷயங்கள்தான்.

சரி, எதைப் பார்ப்பது? ஒரு சின்னப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, அது எப்படி நடக்கிறது, எதனால் அப்படி நடக்கிறது என்று அடிவரை போங்கள். இதற்கு நான் காட்டும் சிறந்த உதாரணம் எந்த எழுத்தாளருடையதும் இல்லை. 1942-இல் அமெரிக்கப் போர்த் துறை, பிரிட்டனுக்கு அனுப்பிய தன் சிப்பாய்களின் கையில் ஒரு சின்னக் கையேடு கொடுத்தது. பிரிட்டிஷார் ரயிலில் உங்களோடு பேசவில்லை என்றால் அதை உம்மணாமூஞ்சித்தனம் என்று நினைக்காதே என்கிறது. நாலரைக் கோடிப் பேர் நெருக்கியடித்து வாழும் தீவு, அங்கே ஒவ்வொருவரும் தன் தனிமையைக் காத்துக்கொள்ளப் பழகியிருக்கிறார், அடுத்தவர் தனிமையில் நுழையாமலிருக்கவும் அதே அளவு கவனமாக இருக்கிறார் என்று காரணம் சொல்கிறது. வீடுகள் பெயின்ட் உரிந்து கிடக்கிறதே என்று பேசாதே, பெயின்ட் செய்த தொழிற்சாலைகள் இப்போது விமானம் செய்கின்றன என்கிறது. அவர்களுக்குக் காபி போடத் தெரியாது, உனக்கு டீ போடத் தெரியாது, கணக்கு நேராகிவிட்டது என்றும் சொல்லிவிடுகிறது. பார்த்தது, தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புள்ள இடம், உண்மையான காரணம் ஆகிய மூன்றும் இரண்டே வரியில் வந்துவிடுகின்றன. உங்கள் ஒவ்வொரு பத்தியையும் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

இதையே ஒரு சமையலறையில் செய்து பார்க்கலாம். அமெரிக்க வீட்டிலிருந்து வருகிறவர் பிரிட்டன் வீட்டில் கெட்டில் கொதிக்கும் வேகத்தைப் பார்த்து அசந்துபோவார். விருந்தாளி கோட்டைக் கழற்றுவதற்குள் கெட்டில் சத்தம் போடத் தொடங்கிவிடும். அங்கே மின்சாரம் 230 வோல்ட், அதனால் 3,000 வாட் வரை இழுக்கும் கெட்டிலைச் சாதாரண ப்ளக்கில் மாட்டலாம். அமெரிக்காவில் 120 வோல்ட், கெட்டில் பெரும்பாலும் 1,500 வாட்டோடு நின்றுவிடும். யார் வந்தாலும் முதலில் டீ என்ற பழக்கத்தை மின்சாரம் உண்டாக்கவில்லை, டீப் பழக்கம் அதற்கு வெகு காலம் முந்தியது. ஆனால் இன்றைக்கு ஒரு நாளில் பல தடவை, ப்ளம்பர் வந்தால்கூட, யோசிக்காமல் டீ போட முடிவதில் அந்த வோல்டேஜுக்குப் பங்கு உண்டு. குளியலறையில் வெந்நீருக்கு ஒரு குழாய், குளிர்ந்த நீருக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக இருப்பதும் அப்படித்தான். அதைக் கிண்டல் செய்து எழுதாத அமெரிக்கர் குறைவு. பழைய வீடுகளில் குளிர்ந்த நீர் நேராகத் தெருக் குழாயிலிருந்து வரும், அதைக் குடிக்கலாம். வெந்நீர் மேல்தளத்துத் தொட்டியில் நின்ற தண்ணீரிலிருந்து வரும், அது குடிநீரோடு கலந்துவிடக் கூடாது என்று பிரித்து வைத்தார்கள். காரணம் தெரிந்த பிறகு எழுதினால் கிண்டல் தானாகக் குறையும், கட்டுரைக்குக் கனம் கூடும்.

பப்புக்குள் போனால் குறைந்தது ஒரு மணி நேரம் உட்காருங்கள். குடிக்காதவர்கள் எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலான பப்பில் மேசைக்கு யாரும் வந்து கேட்பதில்லை, நாம்தான் கவுன்டருக்குப் போக வேண்டும். அங்கே வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆட்கள் பரவலாகச் சாய்ந்து நிற்பார்கள். ஆனால் யாருக்குப் பிறகு யார் என்பது கவுன்டருக்கு உள்ளே நிற்பவருக்கும் தெரியும், வெளியே நிற்பவர்களுக்கும் தெரியும். ஊழியர் தவறிப்போய் உங்களிடம் முதலில் திரும்பினால் “இவர் எனக்கு முன்னால் வந்தார்” என்று பக்கத்தில் இருப்பவரைக் காட்டுவதுதான் முறை. பணத்தை ஆட்டிக் கூப்பிடுவது, விரல் சொடுக்குவது எல்லாம் கூடவே கூடாது. நாலு பேர் சேர்ந்து போனால் ஒவ்வொருவரும் முறைவைத்து எல்லோருக்கும் வாங்குவார்கள், தன் முறை வரும்போது நழுவுகிறவரை அந்தக் கூட்டம் சுலபத்தில் மறக்காது. இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்றால், முதல் உலகப் போரில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் அதிகம் குடிப்பதைக் குறைக்க நினைத்த அரசு, 1915-இல் பல இடங்களில் ஒருவர் இன்னொருவருக்கு மது வாங்கிக் கொடுப்பதையே சட்டப்படி தடை செய்தது. அதே போர்க்காலக் கெடுபிடியில்தான் பிற்பகலில் பப் மூடும் ஏற்பாடும் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது 1988 வரை நீடித்தது. மத்தியானம் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு “இந்த ஊர்க்காரர்களுக்கு வியாபாரமே தெரியவில்லை” என்று அந்தக் காலத்தில் எழுதிய பயணி, ஒரு போர்ச் சட்டத்தைப் பார்த்து மக்கள் குணம் என்று எழுதியிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு இப்போது வருகிறேன். லண்டனை இரண்டு நாளில் முடித்துக்கொண்டு கிராமப்புறப் பொது நடைபாதை ஒன்றில் நடங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 1,40,000 மைல் நீளத்துக்கு இந்த நடையுரிமைப் பாதைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி தனியார் நிலத்தின் வழியாகவே போகிறது. அத்துமீறி நுழையாதே என்ற பலகையைப் பார்த்து வளர்ந்த அமெரிக்கருக்கு இது நம்ப முடியாத ஏற்பாடு. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தை வாங்குங்கள், அதில் பச்சைக் கோடுகளாக ஓடுவதெல்லாம் நீங்கள் நடக்க உரிமையுள்ள பாதை. தரையில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கு, நீலம் இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. வேலி வரும் இடத்தில் ஏறி இறங்க மரப்படி வைத்திருப்பார்கள், அல்லது ஓர் ஆள் மட்டும் நுழைந்து திரும்பும்படி அரைவட்டச் சட்டத்துக்குள் ஆடும் சின்னக் கதவு இருக்கும், ஆட்டால் அதைத் தாண்ட முடியாது. திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுப் போக வேண்டும், நாயைக் கட்டிப் பிடிக்க வேண்டும், ஆடுமாடுகளுக்கு நடுவே ஓடக் கூடாது. நகரத்துப் பேருந்தில் ஒரு வார்த்தை பேசாத அதே மக்கள், இந்தப் பாதையில் எதிரே வந்தால் கண்டிப்பாக வணக்கம் சொல்வார்கள். பேசலாம், பேசக் கூடாது என்பது ஆளைப் பொறுத்தது என்பதைவிட இடத்தைப் பொறுத்தது என்று அங்கே தெரியும், நான் முதலில் சொன்ன அந்த “இப்படிப்பட்டவர்கள்” வாக்கியம் ஏன் உதவாது என்பதும் தெரியும்.

இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை என்பதையும் எழுதுங்கள். வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டில் 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி மான்செஸ்டர் பக்கத்து இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றே ஏறினார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 2000-இல் இங்கிலாந்து, வேல்ஸ் மலைமேடுகளையும் தரிசுவெளிகளையும் திறந்துவிட்ட சட்டம் வந்தது. ஸ்காட்லாந்தில் 2003-இல் இன்னும் தாராளமான தனிச் சட்டம். பாதையின் அழகை மட்டும் எழுதி இதை விட்டுவிட்டால் பாதி விஷயம் போய்விடுகிறது.

நடந்துபோய் எழுதிய அமெரிக்கர்களுக்குக் கிடைத்ததைப் பாருங்கள். எலிஹு பரிட் 1863-இல் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் வடகிழக்கு முனை ஜான் ஓ’க்ரோட்ஸ் வரை நடந்தே போனவர். ஓல்ம்ஸ்டெட் 1850-இல் லிவர்பூலில் இறங்கி பர்க்கன்ஹெட்டுக்குப் போனபோது, ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் எங்கள் ஊர்ப் புதுப் பூங்காவைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று வற்புறுத்தினார். போய்ப் பார்த்தார், எளிய மக்கள் எல்லோரும் அனுபவிக்கிற தோட்டத்தைக் கண்டு மலைத்துப்போனார், சில வருஷத்தில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவரானார். கடையில் ஏதாவது வாங்கிவிட்டு “இந்த ஊரில் எதைப் பார்க்காமல் போகக் கூடாது?” என்று கேளுங்கள். சொந்த ஊரைப் பற்றிய கேள்விக்கு எவ்வளவு ஒதுங்கிய ஆளும் பதில் சொல்வார்.

தூரத்தை எழுதும்போது கவனம். அமெரிக்கர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் இது. தென்மேற்கு முனை லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஜான் ஓ’க்ரோட்ஸுக்குச் சாலை வழி 874 மைல்தான், நியூயார்க் – சிகாகோ தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. கடலிலிருந்து மிகத் தள்ளியிருப்பதாகச் சொல்லப்படும் டார்பிஷயர் கிராமத்துக்கும் கடலுக்கும் 70 மைல். ஆனால் குறுகிய சாலைகளில் 100 மைல் போக அரை நாள் ஆகலாம், அதற்குள் பேச்சு வழக்கு, கல்லின் நிறம், வேலிச் சுவர் எல்லாம் மாறிவிடும். மைலைச் சொல்லாதீர்கள், நேரத்தைச் சொல்லுங்கள், வழியில் என்ன மாறியது என்று சொல்லுங்கள்.

அடுத்தது, மனிதர்களைப் பற்றி எழுதும்போது. அமெரிக்க நாவலாசிரியர் ஹாதார்ன் 1853 முதல் 1857 வரை லிவர்பூலில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்தவர். 1863-இல் அவர் போட்ட புத்தகத்தில் ஆங்கிலேயப் பெண்களின் உடம்பைப் பற்றி மட்டமாக எழுதிய பத்திகளுக்காக இங்கிலாந்தில் கொதித்துப்போனார்கள், நியாயமான கோபம்தான். அதே புத்தகத்தில், ஏழைகள் விடுதி ஒன்றில் நோய் பிடித்த ஒரு சின்னக் குழந்தை, பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவரையே சுற்றிச் சுற்றி வந்து தூக்கச் சொல்லிக் கையை நீட்டுகிறது. அவர் தயங்கி, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, தூக்கிக்கொள்கிறார். யாரோ ஒருவர் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார். தூக்கியது அவர்தான் என்பது அவருடைய குறிப்பேடுகள் வெளிவந்த பிறகு தெரிந்தது. ஒருவரின் தோற்றத்துக்குத் தீர்ப்பு எழுதத் தோன்றும்போதெல்லாம் அதை விட்டுவிட்டு, அவர் என்ன செய்தார், உங்களிடம் என்ன கேட்டார் என்பதை எழுதுங்கள்.

அமெரிக்காவில் பிறந்த பயண எழுத்தாளர் பில் பிரைசனை எல்லோரும் சிரிப்புக்காகப் படிக்கிறார்கள். எழுதப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 1995-இல் பிரிட்டனைப் பற்றிய அவர் புத்தகம் வந்தபோது அவர் பிரிட்டனுக்கு முதலில் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, அங்கேயே வேலை பார்த்து, கல்யாணம் செய்து, பிள்ளை வளர்த்தவர். அமெரிக்காவுக்குக் குடிபோகுமுன் ஒருமுறை நாட்டைச் சுற்றி வந்து எழுதினார். அந்தக் கிண்டலை அந்த நாட்டு மக்களே கொண்டாடியதற்குக் காரணம், திட்டும்போதுகூட அவருக்கு அந்த ஊர்மேல் பிரியம் இருப்பது தெரிகிறது. பத்து நாள் போகிறவருக்கு அந்த உரிமை கிடையாது, அந்தக் குரலைக் காப்பியடித்தால் வெறும் இளக்காரமாகத்தான் தொனிக்கும். பத்து நாள்காரருக்கு ஏற்றது, ஒரே சின்ன ஊரில் தங்கி, தினமும் அதே கடையில் டீ குடித்து, ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுவது.

கடைசியாக இரண்டு வேலை. எழுதியதில் “இங்கிலாந்து”, “பிரிட்டன்” என்று வரும் இடங்களை எல்லாம் திரும்பப் பாருங்கள். பிரிட்டன் என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்தது. ஸ்காட்லாந்தில் பார்த்ததை இங்கிலாந்துப் பழக்கம் என்று எழுதியிருந்தால் எடின்பரோவில் படிக்கிறவர் அந்த வரியோடு உங்களை மூடி வைத்துவிடுவார். டெவனில் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டியின் மேல் முதலில் க்ரீம், பக்கத்துக் கார்ன்வாலில் முதலில் ஜாம், இந்த அளவுக்கு ஊருக்கு ஊர் மாறும் நாடு அது. அப்புறம் கட்டுரையின் அடியில் ஊர், மாதம், வருஷம் மூன்றையும் போடுங்கள். அமெரிக்கப் பயண எழுத்தாளர் பால் தெரோ 1982-இல் கடற்கரை ஓரமாகவே நாட்டைச் சுற்றியபோது பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே ஃபாக்லாந்து போர் நடந்துகொண்டிருந்தது, அந்த வருஷத்தை மனதில் வைத்துப் படித்தால்தான் அவர் கேட்ட பேச்சுகளுக்கு அர்த்தம் கிடைக்கிறது.