எண்ணெய்க் கறையும் கத்தரி வெட்டும்: பழைய 'ஆட்பால்' பேஸ்பால் கார்டு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரர் படம் அச்சிட்ட சிறு அட்டை) சேர்ப்பவர்களில் பெரும்பாலானோர் டாப்ஸ், பௌமன் போன்ற கம்பெனிகள் சூயிங்கம்முடன் விற்ற கார்டுகளைத்தான் தேடுவார்கள். மூலை மழுங்கக் கூடாது, மடிப்பு இருக்கக் கூடாது. இன்னொரு கூட்டம் உண்டு. ஹாட்டாக் பாக்கெட், சிப்ஸ் பை, சீரியல் பெட்டி என்று கண்ட கண்ட பொருளோடு வந்த கார்டுகளை, கசங்கிக் கறைபட்டுக் கிடந்தாலும் வாங்குவார்கள். 'ஆட்பால்' கார்டுகள் என்று இவற்றுக்குப் பெயர். தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு இந்தப் பைத்தியம் எளிதாகப் புரியும்.

இதில் புதிதாக நுழைபவர்கள் டாப்ஸ் கார்டுக்கான அளவுகோலை அப்படியே இங்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஒரு கார்டில் சேதம் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அது எப்படி வந்தது என்று தெரிய வேண்டும்.

ரெட் மேன் என்ற மெல்லும் புகையிலைக் கம்பெனி 1952 முதல் 1955 வரை கார்டு வெளியிட்டது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பட்டை இருக்கும். 50 பட்டை வெட்டி அனுப்பினால் ஒரு பேஸ்பால் தொப்பி கிடைக்கும். ஆகவே இன்று கிடைப்பவற்றில் பல, பட்டை இல்லாதவைதான். இதை "கிழிந்த கார்டு" என்று ஒதுக்குவதும் தவறு, பட்டையோடு இருப்பதன் விலையைக் கொடுப்பதும் தவறு. 1930களின் 'பேட்டர் அப்' கார்டுகளும் இப்படித்தான். பின்னணியை மடித்தால் ஆட்டக்காரர் நிமிர்ந்து நிற்பார், அதனால் தலைப்பகுதி பிய்ந்து போனவை நிறைய.

போஸ்ட் சீரியல் கார்டுகள் பெட்டியின் அட்டையிலேயே அச்சானவை. 1962, 1963 இரண்டு வருடமும் 200 ஆட்டக்காரர்கள். வெட்டியது வீட்டுப் பிள்ளைகள், அதுவும் சமையலறைக் கத்தரியால். ஓரம் கோணலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துக் கை அரித்து, ஸ்கேல் வைத்து நேராக வெட்டிவிடாதீர்கள். எல்லைக்கோடு கொஞ்சம் போனாலும் போனதுதான். 1975 முதல் 1979 வரை வந்த ஹோஸ்டஸ் கேக் பெட்டிகளில் மூன்று கார்டு சேர்ந்த அட்டை இருக்கும். முழுசாகக் கிடைத்தால் கத்தரியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஆனால் ஆலையிலேயே வெட்டி வந்த கார்டில் கத்தரி பட்டிருந்தால் கதை வேறு. நூறு வருடத்துக்கு முன் சிகரெட் பாக்கெட்டோடு வந்த 'டி206' வரிசையில், ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் உலகப் புகழ் பெற்ற கார்டு ஒன்று, கார்டுகளுக்குத் தரம் போடும் பிஎஸ்ஏ நிறுவனத்திடம் பத்துக்கு 8 என்ற உயர்ந்த தரம் வாங்கியது. அதன் ஓரங்களைத் தானே வெட்டியதாக ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். வல்லுநர்களுக்கே இந்த நிலை. நூறு வருடக் கார்டு, முகமெல்லாம் சுருக்கம், ஓரம் மட்டும் பளிச்சென்று கூர்மையாக இருந்தால் உடனே ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். என்னைக் கேட்டால், நான்கு மூலையும் ஒரே மாதிரி மழுங்கிய அழுக்குக் கார்டுதான் நம்பகமானது.

'ஒரே மாதிரி' என்பதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மோசமான நிலையில் உள்ள கார்டு, போலி செய்பவனுக்கு வசதி. மறுபதிப்பு ஒன்றை வாங்கி, தேநீரில் நனைத்து, மூலையை உப்புத்தாளால் தேய்த்தால் 'பாட்டன் பெட்டியில் கிடைத்தது' தயார். பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று கையில் இருக்கட்டும். அசல் டி206இல் பெயர் எழுத்துகள் ஒரே மையில் கெட்டியாக இருக்கும், நகலில் புள்ளிபுள்ளியாகச் சிதறும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்டு புற ஊதா விளக்கில் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். அந்த வெளுப்பூட்டிகள் காகிதத்தில் சேர்ந்தது பிற்காலத்தில்தான். அப்புறம், பின்பக்கம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தாள் உரிந்திருக்கிறதா? 'மறுபதிப்பு' என்ற சொல்லைச் சுரண்டிய இடமாக இருக்கலாம். முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டுபவர்கள் சிக்குவது இங்கேதான்.

சரி, அசல் என்று தெரிந்துவிட்டது. அடுத்த தவறு சுத்தம் செய்வது. 1954இல் வில்சன் கம்பெனி ஹாட்டாக் பாக்கெட்டுக்குள் போட்ட 20 கார்டுகளில் கொழுப்புக் கறை இருந்தால் அதில் வியப்பென்ன? ரசாயனம் தடவி எடுத்தால் அது 'திருத்திய கார்டு' ஆகிவிடும். பழைய ஆல்பத்தில் ஒட்டிய கார்டைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துப் பிரிப்பதைப் பலர் ஏற்கிறார்கள். ஆனால் எல்லாக் கார்டுக்கும் அது ஒத்துவராது. கெல்லாக்ஸின் முப்பரிமாணக் கார்டுகளில் மேலே வரிவரியான பிளாஸ்டிக் இருக்கும், வருடம் போகப்போக அவை வளையும். நிமிர்த்தப் புத்தகத்துக்கு அடியில் வைத்து அழுத்தினால் விரிசல் விடும். வளைந்தே இருக்கட்டும்.

சேமிக்கும்போது பிவிசி உறை வேண்டாம். பாலிப்ராப்பிலீன் உறையே போதும், அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். இந்தக் கார்டுகளில் பல வழக்கமான அளவில் இருக்காது என்பது தனித் தலைவலி.

விலையில் ஏமாறுவதற்குக் காரணம் 'அபூர்வம்' என்ற சொல்தான். கான்ஸ் வீனர்ஸ் என்ற ஹாட்டாக் கம்பெனி 1955இல் சின்சினாட்டி அணியின் ஆறு பேரை மட்டும் கார்டாகப் போட்டது. இப்படி ஓர் ஊருக்குள் வந்த கார்டுகள் எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் தேடுபவர்களும் குறைவு. விலைக் கையேட்டை நம்பாமல், அதே கார்டு சேதத்தோடு உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று ஏலப் பதிவுகளைப் பாருங்கள். விற்பனையாளர் போட்ட விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. சாதாரண ஆட்டக்காரரின் கார்டைத் தரச்சான்றுக்கு அனுப்பினால் கட்டணமே கார்டின் விலையைத் தாண்டிவிடும். டெட் வில்லியம்ஸ் போன்ற நட்சத்திர ஆட்டக்காரரின் கார்டாக இருந்து, அசலா என்ற கேள்வியும் இருந்தால், மிகக் குறைந்த தரமான 1 வந்தாலும் அனுப்பலாம்.