தடுப்பணையை மீனின் பக்கம் நின்று அளப்பது எப்படி

நான் அளந்த ஏழாவது தடுப்பணை வெறும் 60 சென்டிமீட்டர் உயரம். என் தொடைக்குக்கூட வராது. மீனுக்கு இதெல்லாம் ஒரு வாசற்படி மாதிரி என்று நினைத்து, படிவத்தில் 'தாண்டிவிடும்' என்று குறித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அது ஜூலை மாதம்.

நவம்பரில், மழை விட்ட மறுநாள், அதே இடத்தில் நின்றேன். முழங்கை நீளமுள்ள ஒரு கடல் டிரவுட் மீன் எகிறிப் பாய்ந்தது. சுவரில் மோதியது. கீழே கான்கிரீட்டில் தொப்பென்று பக்கவாட்டில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. நான் நின்ற இருபது நிமிடத்தில் பதினொரு பாய்ச்சல் எண்ணினேன்; ஒன்றுகூட மேலே ஏறவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஓடையில் அரை மைல் கீழே ஒரு மீட்டருக்கும் மேல் உயரமான பழைய ஆலைத் தடுப்பணை இருக்கிறது. இந்த மீன்கள் அதைத் தாண்டித்தான் வந்திருந்தன.

வார நாட்களில் எனக்குச் சம்பளப் பட்டியல் போடுகிற வேலை. சனிக்கிழமைகளில், இங்கிலாந்தின் லங்காஷயரில் ரிபிள் ஆற்றோடு சேரும் ஓடைகளில் தன்னார்வலராகத் தடுப்பணைகளை அளக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் போல உயரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் மீனின் பயணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அட்லாண்டிக் சால்மனும் கடல் டிரவுட்டும் ஆற்றின் மேல்பகுதியில், சரளைக்கல்லுக்குள் முட்டையிடுகின்றன. பிரிட்டனில் அது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். குஞ்சுகள் ஓரிரண்டு வருடம், சில நேரம் மூன்று வருடம் ஓடையில் வளர்ந்து, ஒரு வசந்த காலத்தில் வெள்ளி நிறம் பூண்டு கடலுக்கு இறங்கும். அந்தப் பருவத்து மீனை ஸ்மோல்ட் என்பார்கள். கடலில் தின்று பெருத்தபின், பெரும்பாலானவை பிறந்த ஆற்றுக்கே திரும்பும். அதாவது ஒவ்வொரு தடுப்பணையையும் ஒரு மீன் குறைந்தது இரண்டு முறை கடக்க வேண்டும்: விரல் நீளத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும்போது கீழ்நோக்கி, வளர்ந்தபின் மேல்நோக்கி.

தடைகள் எத்தனை என்று கேட்டால் தலை சுற்றும். ஸ்வான்சி பல்கலைக்கழகம் தலைமையேற்ற 'ஆம்பர்' என்ற ஆய்வுத் திட்டம் 36 ஐரோப்பிய நாடுகளின் ஆறுகளில் குறைந்தது 12 லட்சம் தடைகள் இருக்கும் என்று 2020-இல் கணக்கிட்டது. அவற்றில் 68 சதவீதம் இரண்டு மீட்டருக்கும் குறைந்த உயரம். நாம் பேசுவது பெரிய அணைகளைப் பற்றி அல்ல. ஆலை போய்விட்டது, அதை ஓட்டிய நீர்ச்சக்கரம் போய்விட்டது, சுவர் மட்டும் நிற்கிறது. அந்த மாதிரிச் சுவர்களைப் பற்றித்தான். 2023 டிசம்பரில் ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியல் பிரிட்டனின் சால்மனை 'அழியும் ஆபத்தில்' என்ற வகைக்கு மாற்றியதற்குக் கடல் சூடாவது, மாசு, சால்மன் பண்ணைகளிலிருந்து பரவும் கடல் பேன்கள் என்று பல காரணங்கள் உண்டு. கடலை என்னால் குளிர வைக்க முடியாது. ஆனால் ஓடையில் இருக்கும் சுவரை அளக்க முடியும்.

கூட எடுத்துப் போக வேண்டியவை: ஐந்து மீட்டர் டேப், சென்டிமீட்டர் குறித்த நீளமான கோல், வெப்பமானி, கைபேசி, பென்சில் (பேனா மழையில் அழும்), ஒரு ஆரஞ்சுப் பழம். பழம் தின்பதற்கு அல்ல, அதற்கு அப்புறம் வருகிறேன்.

போவதற்குமுன் நில உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். ஸ்காட்லாந்தில் பொறுப்போடு நடந்துகொண்டால் ஆற்றங்கரையில் நடக்கச் சட்டமே இடம் தருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுப்பாதையை விட்டு இறங்கினால் அனுமதி வேண்டும். இன்னொன்று, ஓர் ஓடையில் நனைந்த பூட்ஸை அப்படியே அடுத்த ஓடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பாருங்கள், கழுவுங்கள், காயவையுங்கள் என்று இங்கே ஒரு விதியே உண்டு. நன்னீர் நண்டுகளைக் கொல்லும் நோய் ஈரப் பூட்ஸிலேயே பயணம் செய்துவிடும்.

அடுத்ததை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தடுப்பணையின் அடியில் இறங்கக் கூடாது. விழுகிற தண்ணீர் அங்கே தனக்குள்ளேயே திரும்பிச் சுருளும்; பார்க்க அமைதியாக இருக்கும், ஆளைப் பிடித்தால் விடாது. எல்லா அளவையும் கரையில் நின்றே எடுங்கள். கோல் எட்டவில்லை என்றால் 'எட்டவில்லை' என்று எழுதுங்கள். அதுவும் ஒரு பதிவுதான். தனியாகவும் போகாதீர்கள். எனக்குத் துணை என் பதினான்கு வயது மகள்.

சரி, அளவுக்கு வருவோம். நான் முதலில் பார்ப்பது சுவரை அல்ல, அதன் காலடியில் இருக்கும் மடுவை. மீன் தாண்ட வேண்டுமென்றால் ஓடிவந்து எகிற இடம் வேண்டும். அதன் ஓடுபாதை ஆழம்தான். களத்தில் பயன்படுத்தும் குத்துமதிப்பான கணக்கு: மடுவின் ஆழம், தாண்ட வேண்டிய உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்காவது இருக்க வேண்டும். உயரம் என்பது சுவரின் உயரம் அல்ல. மேலே இருக்கும் நீர்மட்டத்துக்கும் கீழே இருக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். அந்த ஆலைத் தடுப்பணையில் வித்தியாசம் 1.1 மீட்டர், மடு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். கணக்கு நேராகிறது. என் ஏழாவது தடுப்பணையில் வித்தியாசம் 60 சென்டிமீட்டர். அப்படியானால் 75 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். இருந்ததோ, அரிப்பைத் தடுக்க யாரோ போட்ட கான்கிரீட் தளமும் அதன்மேல் பத்து சென்டிமீட்டர் தண்ணீரும். சிமெண்ட் தரையில் நின்று உயரம் தாண்டச் சொன்னால் யார்தான் தாண்டுவார்கள்?

செங்குத்தாக இல்லாமல் சாய்தளமாக இருக்கும் தடுப்பணைகளில் மீன் குதிக்காது, நீந்தி ஏறப் பார்க்கும். அங்கே இரண்டு கேள்விகள்: தண்ணீர் எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம்? ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரில் மீனின் பாதி உடல் வெளியே நிற்கும். வால் காற்றை அடித்து என்ன பயன்? வேகத்துக்குத்தான் ஆரஞ்சு. அது பாதி மூழ்கி மிதக்கும், காற்று இழுத்துப்போகாது, நிறமும் பளிச்சென்று தெரியும். சாய்தளத்தில் ஐந்து மீட்டர் தூரத்துக்குக் கரையில் இரண்டு குச்சி நடுங்கள். ஒருவர் மேலே வீச, ஒருவர் கீழே நேரம் பார்க்க வேண்டும். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். இரண்டு விநாடியில் கடந்தால், மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 2.5 மீட்டர். மேலே ஓடும் தண்ணீர் கீழே ஓடுவதைவிட வேகமானது என்பதால் 0.85-ஆல் பெருக்குவது வழக்கம்.

மீன் ஒரு சில விநாடிகளுக்கு மட்டும், தன் உடல் நீளத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்தை ஒரு விநாடியில் பாய முடியும் என்று வைத்துக்கொள்ளலாம். 70 சென்டிமீட்டர் சால்மன் ஏறிவிடும் இடத்தில் 25 சென்டிமீட்டர் டிரவுட் திணறுவது இதனால்தான். தண்ணீர் குளிர்ந்தால் அந்த வேகமும் குறையும். ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் கடினமான தடைகளைப் பெரும்பாலும் முயன்றுகூடப் பார்க்காது. வெப்பமானி அதற்குத்தான். சாய்தளத்தின் நீளத்தையும் மறக்காமல் எழுதுங்கள். பாதி வழியில் மூச்சு வாங்க அங்கே இடம் கிடையாது.

சாலைக்கு அடியில் போகும் கல்வர்ட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். வாய்ப்பக்கம் குழாய் தண்ணீரைவிட உயரத்தில் தொங்கினால், அதுவும் ஒரு தடுப்பணைதான். எட்டிப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது எல்லோரும் தவறவிடும் பக்கம்: கீழ்நோக்கி வரும் ஸ்மோல்ட். விழுவதற்கு என்ன கஷ்டம் என்று நானும் நினைத்திருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் பன்னிரண்டு, பதினைந்து சென்டிமீட்டர் நீளத்தில் கூட்டமாக இறங்கி வரும். தடுப்பணைக்கு மேலே தண்ணீர் குளம்போலத் தேங்கி நிற்பதால், தன்னை இழுத்துவந்த ஓட்டம் அங்கே காணாமல் போய்விடும். விளிம்புக்கு வந்ததும் பல மீன்கள் தலையை மேல்நோக்கித் திருப்பிக்கொண்டு, வாலை முன்னே விட்டுத் தயங்கித் தயங்கி இறங்கும். வசந்தம் வறண்டு போய், அகலமான முகட்டின்மேல் தண்ணீர் கண்ணாடித் தாள்போல வழிந்தால், இறங்காமல் நாட்கணக்கில் சுற்றும். நாரையும் மீன்கொத்தியும் கூசாண்டர் வாத்தும் அதைத்தான் எதிர்பார்த்திருக்கும். ஆகவே முகட்டின் மேல் நீரின் ஆழத்தை மூன்று இடங்களில் அளந்து, எங்காவது வெட்டு உண்டா, ஓட்டம் ஒரே பக்கமாகக் குவிகிறதா என்று குறியுங்கள். மேலே தேக்கம் எவ்வளவு தூரம் நீள்கிறது என்றும் நடந்து பாருங்கள். அந்தத் தேக்கத்தின் அடியில்தான் ஒரு காலத்தில் முட்டையிட்ட சரளை, சேற்றுக்குள் கிடக்கும்.

பிரிட்டனில் பயன்படும் விரைவு மதிப்பீட்டு முறையில் நான்கே எண்கள்: அறவே முடியாது என்றால் 0, பெரும்பாலானவை தோற்கும் என்றால் 0.3, சில மட்டும் தோற்கும் என்றால் 0.6, தடையே இல்லை என்றால் 1. ஒவ்வொரு வகை மீனுக்கும், மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும் தனித்தனியாகப் போட வேண்டும். எண்ணைப் போடும்போது கை தாராளமாகிவிடும். அப்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்வேன்: நூறு மீன், பத்து தடுப்பணை, ஒவ்வொன்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறு தாண்டுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடைசியில் மேலே சேர்வது முப்பத்தைந்து. சம்பளப் பட்டியலில் பிடித்தம் போடுகிறவளுக்கு இது புதிதல்ல.

"என் தாத்தா காலத்துச் சுவர் இது, மேலே போய்ப் பாருங்கள், டிரவுட் நிறைய இருக்கிறது" என்று ஒரு வயதான பண்ணைக்காரர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் கடலுக்கே போகாமல் ஓடையிலேயே வாழும் பழுப்பு டிரவுட்டும் கடல் டிரவுட்டும் ஒரே இனம். மேலே குட்டி டிரவுட் இருப்பதை வைத்து, கடலிலிருந்து மீன் ஏறியது என்று சொல்ல முடியாது. சால்மன் குஞ்சு இருந்தால் அது வேறு பேச்சு. இதை அவரிடம் வாதமாக வைக்காமல், தேநீர் கொடுத்தபோது மெதுவாகச் சொன்னேன். அடுத்த முறை வாயிற்கதவை அவரே திறந்து வைத்திருந்தார்.

ஒரே ஒரு தடவை போய் அளப்பது அரை வேலை. கோடையில் அளவு எடுங்கள். அப்போதுதான் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மீன் நகர்வது மழைக்குப் பின், தண்ணீர் ஏறி, மறுபடி வடியத் தொடங்கும்போது. அந்த நேரத்தில் ஒரு முறையாவது போய்க் கரையில் சும்மா நில்லுங்கள். சில சுவர்கள் வெள்ளத்தில் மூழ்கி, தடையே இல்லாமல் ஆகிவிடும். சில, என் ஏழாவதைப் போல, அப்போதுதான் தன் குணத்தைக் காட்டும்.

பதிவை உள்ளூர் ஆற்று அறக்கட்டளைக்குக் கொடுங்கள். ஆம்பர் திட்டத்தின் 'பேரியர் டிராக்கர்' செயலியிலும் படத்தோடு சேர்க்கலாம். நீங்களே கல்லைப் புரட்டி வழி பண்ணக் கிளம்பாதீர்கள். முட்டையிடும் மீனையோ முட்டையிட்ட சரளையையோ தெரிந்தே கலைப்பது 1975-ஆம் ஆண்டின் சால்மன், நன்னீர் மீன்வளச் சட்டப்படி குற்றம். அதே சட்டம் புதிதாகக் கட்டும் அணைக்கு மீன் வழி கேட்கிறது. பேசாமல் நிற்கும் பழைய சுவர்களை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால்தான் உரிமையாளரின் சம்மதம் பொன்னாகிறது.

தீர்வு என்று வரும்போது என் ஓட்டு இடிப்பதற்குத்தான். ஸ்காட்லாந்தின் பிட்லாக்ரியில், மீன் படிப்படியாக ஏறிப்போக 34 தொட்டிகள் கொண்ட மீன் ஏணி அழகானதுதான், நானும் போய் வேடிக்கை பார்த்தேன். ஆனால் எந்த ஏணியிலும் மீன் முதலில் அதன் வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும். வாசலில் ஒரு கிளை சிக்கினால் போச்சு. பிரான்ஸின் நார்மண்டியில் செலூன் ஆற்றில் 36 மீட்டர் வெசான் அணையையே எடுத்துவிட்டார்கள். நம்முடைய 60 சென்டிமீட்டர் எம்மாத்திரம்? ஆனாலும் என் ஏழாவதை இடிக்க முடியவில்லை, அதன்மேல் ஒரு தண்ணீர்க் குழாய் போகிறது. பதிலாக, கீழே பாறைகளை வரிசையாக அடுக்கி நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். கான்கிரீட் தளம் மடுவுக்குள் போய்விட்டது.

பாறை அடுக்கிய பின் வந்த நவம்பரில் மகளோடு போய் ஒரு மணி நேரம் நின்றேன். ஒரு மீன்கூடக் குதிக்கவில்லை. "வேலை செய்யலையாம்மா?" என்றாள். குதிக்கும் மீனைத் தேடாதீர்கள். அது தடை இன்னும் இருக்கிறது என்பதற்கான அடையாளம். டிசம்பரில் தண்ணீர் தெளிந்தபின், தடுப்பணைக்கு மேலே கரையோரமாக நடந்து, ஓடையின் அடியைப் பாருங்கள். பாசி படிந்த கருஞ்சரளைக்கு நடுவே, வால் அடித்துக் கழுவியதுபோல வெளுத்த திட்டு, அதன் கீழ்ப்பக்கம் சின்ன மேடு. அதுதான் முட்டைக்குழி. நாங்கள் இரண்டு கண்டோம். காலை வைக்காமல், கரையிலிருந்தே படம் எடுத்துக்கொண்டு வந்தோம்.