ஞாயிற்றுச் சந்தையில் மரக்கறி வாங்கும் முறை

பண்டாரவளையைப் போல ஞாயிறு சந்தை கூடும் மலையக நகரங்களில் இரண்டு வகை மரக்கறி அருகருகே கிடக்கும். ஒன்று வெலிமடை, நுவரெலியாப் பக்கம் விளைந்து வருவது: கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, பீட்ரூட், நோக்கோல், உருளைக்கிழங்கு. மற்றது பெரும்பாலும் தம்புள்ளைப் பக்கமிருந்து லொறியில் மலையேறி வருவது: கத்தரி, வெண்டி, பூசணி, பயற்றங்காய். முதல் வகையை ஒரு கிழமைக்கு வாங்கலாம். பூசணியைத் தவிர இரண்டாவது வகையை இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் வாங்குங்கள். அது உங்கள் கைக்கு வரும்போதே வாடத் தொடங்கியிருக்கும்.

காலை ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் போவது நல்லது. தேயிலைத் தோட்டங்களில் பத்தாம் திகதியளவில் சம்பளம் போடுவதால், அதை அடுத்து வரும் ஞாயிறு சனம் அலைமோதும், விலையும் இறங்காது. அன்று கருவாடு, தேங்காயை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை அடுத்த கிழமைக்கு விடலாம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய வியாபாரிகள் மிச்சத்தைக் கூறு கட்டி மலிவாகத் தள்ளுவார்கள். கூறு வாங்கலாம், ஆனால் அடியில் இருப்பதைப் புரட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நசுங்கிய தக்காளி எப்போதும் அடியில்தான் இருக்கும்.

நூறு ரூபா, ஐம்பது ரூபாத் தாள்களாகக் கொண்டுபோங்கள். ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் விலை பேசுகிற வாய்ப்பும் போய்விடும். பை இரண்டு வேண்டும்: கிழங்கு, கோவாவுக்கு உரப்பையில் தைத்த பை ஒன்று, கீரை, தக்காளிக்குக் கூடை ஒன்று.

உள்ளே போனதும் வாங்கத் தொடங்க வேண்டாம். ஒரு சுற்று நடந்து விலையை மட்டும் கேளுங்கள். பலகையில் எழுதியிருக்கும் விலை எத்தனை கிராமுக்கு என்று பார்ப்பது இங்கே மிக முக்கியம். விலை ஏறிய நாட்களில் 250 கிராம் விலையைப் பெரிதாக எழுதி, அளவைச் சிறிதாக மூலையில் எழுதுவார்கள். நாலால் பெருக்கிப் பார்த்தால்தான் கிலோ விலை தெரியும். பச்சை மிளகாய்க்கு அது 100 கிராமாகவும் இருக்கலாம். பிறகு, “அண்ணே, ஒரு கிலோ எடுத்தா என்ன போடுவீங்க?” என்று கேளுங்கள். கால் கிலோவுக்கு யாரும் குறைக்க மாட்டார்கள், ஒரு கிலோவுக்குக் குறைப்பார்கள்.

தராசில் பொருள் வைக்கும் முன் இலக்கம் பூச்சியத்தில் நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால், சந்தைக்கு வரும் வழியில் கடையில் வாங்கிய 400 கிராம் பால்மா பக்கெட் ஒன்றைத் தட்டில் வைத்துப் பாருங்கள். உறையோடு 400க்குச் சற்று மேலே காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் சண்டைக்கு நிற்காமல் அடுத்த கடைக்குப் போங்கள். நிறையிலோ விலையிலோ ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

இனிப் பொருளைப் பார்ப்போம். பளபளவென்று கழுவிய கரட்டை விட மண் ஒட்டிய கரட் கூட நாள் தாங்கும். கழுவும்போது தோல் உரசுப்படும், ஈரத்தோடு பையில் கட்டினால் மூன்றாம் நாள் வழவழக்கும். தலைப்பக்கம் பச்சையாக இருந்தால் அந்தத் துண்டு கசக்கும். லீக்ஸின் அடித்தண்டை அமர்த்திப் பாருங்கள். நடுவில் கட்டியாகக் குச்சி தட்டுப்பட்டால் அது பூவெடுத்த செடி, எவ்வளவு அவித்தாலும் மெதுவாகாது. போஞ்சி டக்கென்று முறிய வேண்டும், விதை புடைத்திருந்தால் நார். நோக்கோல் கைமுட்டியை விடப் பெரிதானால் உள்ளே சக்கை. பீட்ரூட்டை இலையோடு வாங்கினால் அந்த இலையிலேயே ஒரு சுண்டல் செய்யலாம்.

உருளைக்கிழங்கில்தான் கூடக் கவனம் வேண்டும். இறக்குமதிக் கிழங்குக்குச் செம்மண் தடவி, உள்ளூர்க் கிழங்கின் விலைக்கு விற்கும் மோசடி பிடிபட்டிருக்கிறது. விரலால் அழுத்தித் தேயுங்கள். தடவிய மண் பெரும்பாலும் தூளாகக் கழன்றுவிடும், விளைந்த மண் கண்களின் குழியில் இறுகி நிற்கும். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கை மலிவென்றாலும் எடுக்க வேண்டாம். அதிலுள்ள நச்சு அவித்தாலும் போகாது.

பனியும் தூறலும் விழும் நாளில் நெத்தலிக் கருவாடு ஈரத்தை இழுத்து நிறை கூடிவிடும். ஒன்றை எடுத்து மடக்கிப் பாருங்கள். முறிந்தால் எடுங்கள், வளைந்தால் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். கருவாட்டில் இளஞ்சிவப்பு படர்ந்திருந்தால் பழுதாகிறது என்று அர்த்தம்.

நாலு பேருள்ள வீட்டுக்கு ஒரு கிழமைக்கு உருளைக்கிழங்கு ஒன்றரைக் கிலோ, வெங்காயம் ஒரு கிலோ, கரட், லீக்ஸ், போஞ்சி அரைக் கிலோ வீதம், நடுத்தரக் கோவா ஒன்று, பச்சை மிளகாய் 100 கிராம், கீரை இரண்டு கட்டு போதும். கிழங்கை முதலில் வாங்கிப் பையின் அடியில் போடுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, தக்காளியைக் கடைசியில் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பொலித்தீன் பைகளை அவிழ்த்து எல்லாவற்றையும் பரப்புங்கள். கீரையை அன்றோ மறுநாளோ சமையுங்கள். வல்லாரையை மூன்று தண்ணீரில் அலச வேண்டும். கோவாவின் மேலிலை இரண்டை உரித்து, நறுக்குமுன் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் புழு மேலே வந்துவிடும். வெங்காயத்தையும் கிழங்கையும் ஒரே கூடையில் வைக்காதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும். மழைக் காலத்தில் வெங்காயத்தை அடுப்புக்கு மேலே உள்ள பரணில் வைத்தால் ஈரம் ஏறாது.