பூட் ஆகாத லினக்ஸ், காலியாகத் தெரியும் ஷேர்: முதலில் எஃப்எஸ்டேப்பைத் திறங்கள்

சிறு அலுவலகங்களின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. காலையில் வரும் அழைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. சர்வர் பூட் ஆகவில்லை என்பார்கள். அல்லது பூட் ஆகிவிட்டது, ஆனால் ஷேர் ஃபோல்டரில் ஒன்றுமே இல்லை என்பார்கள். இரண்டுக்கும் நான் முதலில் பார்ப்பது எட்சி டைரக்டரியில் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பைத்தான். எந்த டிஸ்க் எந்த டைரக்டரியில் மவுண்ட் ஆக வேண்டும் (இணைந்து திறக்க வேண்டும்) என்பதை வரிக்கு ஒன்றாகச் சொல்வது அது. (கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதுகிறேன்; தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து.)

பூட் ஆகும்போது திரை ஓரிடத்தில் நின்று, ஒரு வரியின் ஓரத்தில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தால் கவனியுங்கள். கெடு 1 நிமிடம் 30 விநாடி. டிஸ்க் வருமா என்று சிஸ்டம்டி (பூட்டை நடத்தும் நிரல்) காத்திருக்கிறது. வரவில்லையென்றால், பழுது பார்க்க மட்டுமே உதவும் எமர்ஜென்சி மோடில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பலர் இந்தக் கட்டத்தில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று பதறி, மறுபடி இன்ஸ்டால் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். வேண்டாம். யாரோ பேக்கப் யூஎஸ்பி டிஸ்கைக் கழற்றியிருப்பார்கள், அல்லது அதை ஃபார்மட் செய்திருப்பார்கள். ஃபார்மட் செய்தால் அதன் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிடும். எஃப்எஸ்டேப்பில் பழைய எண்ணே இருக்கும்.

ரூட் (நிர்வாகிக் கணக்கு) பாஸ்வேர்டு கேட்டால் கொடுத்து உள்ளே போங்கள். ப்ளாக்ஐடி (எழுத்துகள்: பி, எல், கே, ஐ, டி) கட்டளை இப்போதுள்ள டிஸ்குகளின் யூயூஐடிகளைக் காட்டும். எஃப்எஸ்டேப்பில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, பொருந்தாத வரியின் தொடக்கத்தில் # போட்டு ரீபூட் செய்யுங்கள். உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியே இருப்பதால் இந்த வாசல் திறக்காமல் போகலாம். அப்போது, பூட் தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் இனிட்=/பின்/பாஷ் என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். பாஸ்வேர்டு கேட்காமலே ஷெல் (கட்டளை தட்டும் இடம்) கிடைக்கும். ஆனால் டிஸ்க் படிக்க மட்டுமே திறந்திருக்கும்; எழுத வேண்டுமானால் முதலில் 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' கொடுக்க வேண்டும்.

இனி இப்படி நிற்கக் கூடாதென்றால், அந்த வரியின் ஆப்ஷன்களில் நோஃபெயில் சேர்க்கச் சொல்வார்கள். சேருங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் பூட் ஆகிவிடும். மாற்றிய பிறகு 'ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை' (முதல் சொல்லின் எழுத்துகள்: எஃப், ஐ, என், டி, எம், என், டி) ஓட்டிப் பார்த்தால், எழுத்துப் பிழைகள் ரீபூட்டுக்கு முன்பே தெரிந்துவிடும்.

ஆனால் இரண்டாவது வகை அழைப்பு வருவதே இந்த நோஃபெயிலால்தான். டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. அது உட்கார வேண்டிய காலி டைரக்டரி மட்டும் இருக்கிறது. ஃபோல்டர்களை நெட்வொர்க்கில் பகிரும் நிரலான சாம்பாவுக்கு வித்தியாசம் தெரியாது, அந்தக் காலி டைரக்டரியையே எல்லோருக்கும் பகிர்கிறது. ஒரு அச்சகத்தில் பார்த்தேன்: ஃபோல்டர் காலியாக இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. வடிவமைப்பாளர்கள் அன்றைய போஸ்டர் கோப்புகளை அதிலேயே சேமித்துக்கொண்டே போனார்கள். எல்லாம் ரூட் பார்ட்டிஷனில் (சிஸ்டமே இருக்கும் பகுதியில்) விழுந்து, அது நிரம்பி, மாலைக்குள் சர்வரே திணறிவிட்டது. பிறகு டிஸ்கை மாட்டி மவுண்ட் செய்ததும் பழைய கோப்புகள் வந்தன, அன்றைய வேலை மட்டும் காணவில்லை. அழியவில்லை, மவுண்டுக்கு அடியில் மறைந்திருந்தது. 'மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி' என்று கொடுத்து, எம்என்டி-யின் கீழ் அதே பாதையில் போய்ப் பார்த்தால் அத்தனையும் கிடைக்கும். அங்கிருந்து நகர்த்திக்கொள்ளலாம்.

இதைத் தடுக்க நான் எல்லா இடத்திலும் செய்வது: டிஸ்கை அன்மவுண்ட் செய்துவிட்டு, காலி டைரக்டரிக்கு 'சேட்டர் +ஐ' (எழுத்துகள்: சி, எச், ஏ, டி, டி, ஆர்) கொடுத்து, மறுபடி மவுண்ட் செய்கிறேன். அதன் பிறகு டிஸ்க் இல்லாத நாளில் அந்த டைரக்டரியில் ரூட்டால்கூட எழுத முடியாது. சேமிக்கப் போகிறவருக்கு உடனே பிழைச் செய்தி வரும், எனக்கு உடனே போன் வரும். அந்த போன் எனக்குச் சந்தோஷம்தான்.

டிஸ்க் சரியாக மவுண்ட் ஆகியும் ஷேர் திறக்கவில்லையென்றால் டெஸ்ட்பார்ம் ஓட்டுங்கள். சாம்பா கான்ஃபிக்கில் உள்ள பிழையைச் சொல்லும். பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்றால், சாம்பாவின் பாஸ்வேர்டு லினக்ஸ் பாஸ்வேர்டிலிருந்து வேறு. 'எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி -ஏ' கொடுத்துத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஷேர் இருக்கும் பாதையில் உள்ள ஒவ்வொரு டைரக்டரிக்கும் எக்ஸ் அனுமதி (உள்ளே நுழையும் அனுமதி) வேண்டும் என்பதையும் பாருங்கள். மேலே ஒன்றில் இல்லாவிட்டால் கீழே எவ்வளவு திறந்துவிட்டும் பயனில்லை.

கணினிகள் எல்லாம் சரியாக இருந்து, பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் மட்டும் வரவில்லையா? 2019-இல் வந்த சாம்பா 4.11 முதல் எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறை இயல்பாகவே அணைந்திருக்கிறது. அந்த மெஷினுக்கு அது மட்டும்தான் தெரிந்திருக்கும். 'சர்வர் மின் ப்ரோட்டோகால்' வரியில் என்டி1 (எஸ்எம்பி1-ஐக் குறிக்கும் பெயர்) என்று போட்டால் ஸ்கேன் வந்துவிடும். நான் போடுவதில்லை. ஒரு மெஷினுக்காக முழு சர்வரிலும் பாதுகாப்பில்லாத பழைய வழியைத் திறந்துவிடுவதைவிட, அதன் மெனுவில் எஃப்டிபி (கோப்பு அனுப்பும் வேறொரு முறை) இருக்கிறதா என்று பார்த்து, ஸ்கேனுக்கென்று தனி டைரக்டரி கொடுத்துவிடுகிறேன்.